பதினெட்டுப் பேருக்கு ஒரு விசாத் தாள்

போன மாதம் குரோய்டனில் என் தம்பி மகன் வீட்டில் மதியச் சாப்பாடு. அவனும் மனைவியும் விடுமுறைக்குச் சீனா போகிறார்களாம். மேசையில் கறி ஆறுவதற்குள் சியான் நகரத்தில் நான்கு இரவுகளைக் கைப்பேசியிலேயே ஒழுங்கு செய்து முடித்துவிட்டான். ஹோட்டல், வேகரயில், சுடுமண் படைவீரர்களைப் பார்க்க நுழைவுச்சீட்டு, இரவில் விளக்குத் தெருவிலே பழைய அரச காலத்து உடுப்பு வாடகைக்கு எடுத்துப் படம் பிடிக்க ஒரு கடை, எல்லாம். முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: "அன்ரி, நீங்கள் இவ்வளவு காலமும் செய்த வேலை இதுதானே?"

அவன் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். "ஓம் ராசா, இதுதான்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஸ்ட்ரெதமுக்கு ரயிலில் திரும்பி வரும்போது அந்தப் பதில் போதாது என்று பட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஜெசிந்தா. மன்னாரில் பிறந்து, இருபத்துமூன்று வயதில் லண்டனுக்கு வந்தவள். முதலில் ஒரு பயண முகவர் கடையில் விமானச் சீட்டு எழுதினேன். அப்போதெல்லாம் சீட்டு என்றால் சிவப்புக் கார்பன் ஒட்டிய தாள். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். ஆறு வருடம் விரல் நுனி சிவந்தபடியே போனது. பிறகு ஒருநாள், சீனாவுக்கு மட்டும் சுற்றுலாக் குழுக்களை அனுப்பும் ஒரு சிறிய அலுவலகத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கேதான் மிஸிஸ் ஓங்கைச் சந்தித்தேன்.

மிஸிஸ் ஓங் மலேசியச் சீனப் பெண்மணி. ஈப்போவில் வளர்ந்தவர். ஐந்தடிக்குக் குறைவான உயரம். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுத் தமிழரிடம் சின்ன வயதில் பழகியதால் "சாப்பிட்டாச்சா", "பொறு பொறு" என்ற இரண்டையும் மட்டும் அழகாகச் சொல்வார். நேர்முகத்தில் என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு பஸ்ஸில் இருபது பேரை ஏற்ற வேண்டும். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வாய்?" என்று கேட்டார். "எல்லோரும் வந்தாச்சா என்று கேட்பேன்" என்றேன். பென்சிலைக் கீழே வைத்தார். "வராதவர் பதில் சொல்ல மாட்டாரே" என்றார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

அவரிடம் கற்றது அதுதான்: எண்ணுவது. கதவில் ஏறும்போது ஒருமுறை, இருக்கையில் அமர்ந்த பிறகு ஒருமுறை, பஸ் நகர முன் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு ஒருமுறை. விரலை நீட்டி எண்ணக் கூடாது, ஆட்களுக்கு அது பிடிக்காது. முகத்தைப் பார்த்து, சிரித்து, மனதுக்குள் எண்ண வேண்டும். ஏன் இவ்வளவு பாடு என்றால், எங்களுடையது குழு விசா. ஆளுக்கொரு விசா கிடையாது. ஒரே தாளில் எல்லோருடைய பெயரும் இலக்கமிட்டு இருக்கும். அந்த வரிசையிலேயே நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதே ஆட்கள் ஒன்றாகவே வெளியேறவும் வேண்டும். ஒருவர் குறைந்தால் மற்ற எல்லோரும் விமான நிலையக் கவுண்டரில் நின்று பதில் சொல்ல வேண்டிவரும். அந்தத் தாள் எப்போதும் வழிநடத்துநரின் உடம்போடு இருக்கும். நான் அதைச் சட்டைக்குள் தைத்த ஒரு துணிப்பையில் வைத்திருந்தேன். குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.

நான் சேர்ந்த பிறகு எங்கள் ஆட்களும் வரத் தொடங்கினார்கள். ஸ்ட்ரெதம், குரோய்டன், சவுத்தால் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, இனி உலகத்தைப் பார்ப்போம் என்று கிளம்பிய அண்ணைமாரும் அக்காமாரும். பெய்ஜிங், சியான், ஷாங்காய் என்று பதினொரு நாள். பெய்ஜிங்கில் நடந்து நடந்து கால் வீங்கிப்போய்ச் சியானுக்கு வந்து சேருவார்கள். அங்கே வந்ததும் ஆட்களே மாறிப்போவார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த நகரம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றிப் பெரிய கல்மதில். அதன்மேல் நாலு கார் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். நடுவே மணிக்கோபுரம், பொழுது பட்டதும் அதற்கு விளக்குப் போடுவார்கள். அந்த மஞ்சள் வெளிச்சம் ஏறும்போது பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிடும். அதற்குப் பின்னால் முஸ்லிம் வட்டாரம்: கம்பியில் வாட்டும் ஆட்டிறைச்சி, சீரகம், மிளகாய்த்தூள், மாதுளம்பழச் சாறு. "இஞ்சை எங்கடை சாமான் எல்லாம் இருக்கு" என்று எங்கள் ஆட்கள் பெட்டியில் கொண்டுவந்த ஊறுகாயை மறந்துவிடுவார்கள். ஒருமுறை, பெரிய பகோடாவுக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் உள்ளூர்ப் பெண்கள் வரிசையாக நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். சவுத்தாலில் இருந்து வந்த இரண்டு அக்காமார் குளிர்கோட்டுக்கு மேலே சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள். அரை மணி நேரம் ஆடினார்கள். அவர்களுடைய கணவன்மார் பைகளைச் சுமந்தபடி, வேறு யாரோ குடும்பம் மாதிரித் தள்ளி நின்றார்கள்.

சுடுமண் படையைப் பார்த்து அழுதவர்களும் உண்டு, "இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்று திரும்பியவர்களும் உண்டு. ஆனால் அந்தப் படையைப் பார்க்கவே வராத ஒருவரைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

பெயர் குணபாலன், எங்களுக்குக் குணம் அண்ணை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரோய்டனுக்குப் பக்கத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மற்றப் பதினேழு பேரும் கணவன் மனைவியாக, சகோதரிகளாக வந்திருக்க, இவர் மட்டும் தனியாக வந்திருந்தார். விசாத் தாளில் பதினெட்டாவது பெயர். சீனப் பெருஞ்சுவருக்குப் போன அன்று பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. "முழங்கால் நோகுது தங்கச்சி" என்றார். ஆனால் காலையில் அவர் மாடிப்படி ஏறி வந்ததை நான் பார்த்திருந்தேன். எங்கே போனாலும் ஒரு பெரிய கடதாசிப் பையைக் கையோடு கொண்டுபோனார்.

சியானில் முதல் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நாளைக்குப் பின்னேரம் எனக்கு ஒரு அலுவல் இருக்கு. நாலு மணித்தியாலம் விடுவீங்களோ?"

"சியானிலை உங்களுக்கு என்ன அலுவல் அண்ணை?"

கடதாசிப் பையை மற்றக் கைக்கு மாற்றினார். "என்ரை மகள் இஞ்சை மெடிசின் படிக்கிறா" என்றார்.

அன்று இரவு ஹோட்டல் வரவேற்பறையில் அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். மகளின் பெயர் தர்சினி. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது இவர் லண்டனுக்கு வந்துவிட்டார். அழைத்துவந்த ஏஜென்ட், கலியாணம் ஆகவில்லை என்று சொன்னால்தான் அலுவல் இலகு என்று சொல்லிக் கொடுத்திருந்தான். அகதி விண்ணப்பத்துக்காகக் குரோய்டன் குடிவரவுக் கட்டடத்தில் விசாரித்தபோது, மனைவி இல்லை, பிள்ளை இல்லை என்று இவரும் சொல்லிவிட்டார். எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர்களைக் கூப்பிட வழியில்லை. இல்லாத ஆட்களை எப்படிக் கூப்பிடுவது? மகளுக்கு ஏழு வயதில் மனைவி கிளிநொச்சியில் காய்ச்சலில் இறந்துபோனாள். பிள்ளையைப் பெரியம்மா வன்னியிலும், சண்டை முடிந்தபின் யாழ்ப்பாணத்திலும் வைத்து வளர்த்தாள். இவர் படிப்புக்குக் காசு அனுப்பினார், தொலைபேசியில் கதைத்தார். பதினாறு வயதில், இவர் குரோய்டனில் சொன்னது காதில் விழுந்ததும், மகள் தொலைபேசிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். இப்போது, ஐந்து வருடம் கழித்து, ஒரு பின்னேரம் சந்திக்கச் சம்மதித்திருந்தாள். ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை. விடுதிக்கு வரக் கூடாது. நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல் காட்டுவேன், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாள்.

குழுவை விட்டு ஒருவர் தனியே போக மிஸிஸ் ஓங்கின் விதியில் இடமில்லை. அடுத்த நாள் மாலை மற்றவர்களை உள்ளூர் வழிகாட்டி மிஸ் மாவோடு இசை நீரூற்றுப் பார்க்க அனுப்பிவிட்டு, நான் குணம் அண்ணையோடு போனேன்.

தெற்கு வாசலடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மெல்லிய உடம்பு, இறுக்கிக் கட்டிய தலைமயிர், சாயம் போன ஒரு சிறிய ஜாக்கெட். எனக்கு "வணக்கம் அக்கா" என்றாள். அவருக்கு வெறும் "வணக்கம்".

"இது மிங் அரச காலத்து மதில். சுத்திவரப் பதினாலு கிலோமீற்றர் வரும். மேலை சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும்" என்று ஒப்புவிக்கத் தொடங்கினாள். நான் வருடக்கணக்காகச் சொல்லிவந்ததை என்னைவிடத் திருத்தமாகச் சொன்னாள். இரவெல்லாம் இருந்து பாடமாக்கியிருக்கிறாள் என்று விளங்கியது. குணம் அண்ணை மதிலைப் பார்க்கவில்லை. அவள் கையைக் காட்டிய திசையைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுவீங்களோ?" என்று சைக்கிளைக் காட்டிக் கேட்டாள்.

"ஓடுவன்."

இத்தனை வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்ற கால்கள். ஏறினார், ஒருமுறை தள்ளாடினார், பிறகு ஓடினார் பாருங்கள்! கல் பாவிய மதில் மேல், சிவப்பு விளக்குகளுக்கு நடுவே, நானும் அவளும் மூச்சு வாங்கப் பின்னால் மிதித்துக்கொண்டு போனோம். ஒரு காவல் கோபுரத்தடியில் நிறுத்தி எங்களுக்காகக் காத்திருந்தார். அவள் போய் இறங்கியதும், அந்த மாலையில் முதல் முறையாகப் பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"என்னைச் சைக்கிள் பாரிலை வைச்சு ஓடுறனீங்கள் எண்டு பெரியம்மா சொல்லுறவா."

"ஓம். பாரிலை துவாய் சுத்தி வைப்பன். கால் நோகுமெண்டு."

அவள் திரும்பி ஓடும்போது அவருக்குப் பக்கத்தில் ஓடினாள். நான் வேண்டுமென்றே பின்தங்கினேன்.

முஸ்லிம் வட்டாரத்தில் ஆட்டிறைச்சிச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு முறை உண்டு. வெறும் கிண்ணமும் இரண்டு தட்டை ரொட்டியும் தருவார்கள். ரொட்டியை நாமே பயறளவுக்குச் சின்னஞ்சிறு துண்டுகளாகப் பிய்த்துப் போட வேண்டும். பிறகு கிண்ணத்தை வாங்கிக்கொண்டுபோய், இறைச்சிச் சாற்றில் காய்ச்சித் திருப்பித் தருவார்கள். கிண்ணம் மாறாமலிருக்க ஆளுக்கொரு இலக்கத் தகடும் தருவார்கள். பிய்த்து முடிக்க அரை மணி நேரம் பிடிக்கும். கை வேலையில் இருப்பதால் முகத்தைப் பார்க்காமலே பேசலாம். நான் அடுத்த மேசையில் அமர்ந்து, பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் படிப்பைப் பற்றிக் கதைத்தார்கள். குளிரைப் பற்றி, விடுதிச் சாப்பாட்டைப் பற்றி. பிறகு அவள் ரொட்டியைப் பிய்த்தபடியே கேட்டாள்:

"குரோய்டனிலை உங்களைக் கேட்டவை எல்லோ, பிள்ளையள் இருக்கோ எண்டு. என்ன சொன்னனீங்கள்?"

அவருடைய கை நின்றது.

"இல்லையெண்டு சொன்னன்."

"உடனையே சொன்னனீங்களோ? யோசிச்சுச் சொன்னனீங்களோ?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். "உடனை சொல்லிப்போட்டன்" என்றார்.

அவள் கையிலிருந்த துண்டைக் கிண்ணத்துக்குள் போட்டாள். கையைத் துடைத்தாள். "நேரமாச்சு. நான் மெட்ரோவிலை போறன்" என்று எனக்குச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒன்பது மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கடைக்காரர் விஷயம் தெரியாமல் இரண்டு கிண்ணங்களையும் கொண்டுபோய்க் காய்ச்சி, தகட்டைப் பார்த்து அவளுடையதை அவள் இருந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தார். ஆவி அடங்கும்வரை குணம் அண்ணை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். காசைக் கொடுத்துவிட்டு ஹோட்டலுக்குக் கூட்டிவந்தேன்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில் எண்ணினேன். பதினேழு.

அறையில் படுக்கை விரித்தபடி கசங்காமல் இருந்தது. பெட்டி இருந்தது, கடதாசிப் பையைக் காணவில்லை. விடியமுதலே டாக்ஸி பிடித்துப் போய்விட்டார் என்று வாசல்காரர் சைகையால் சொன்னார். அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு ஷாங்காய் ரயில். மறுநாள் லண்டன் விமானம். துணிப்பைக்குள் இருந்த தாள் நெஞ்சில் சுட்டது.

மிஸிஸ் ஓங்குக்கு அழைத்தேன். லண்டனில் அவர் படுத்திருக்கும் நேரம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நான் பதறிப் பதறிச் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு மூன்று கேள்விகள்.

"மற்றப் பதினேழு பேரும் சாப்பிட்டாச்சா?" அந்த ஒரு சொல்லைத் தமிழிலேயே கேட்டார்.

"ஓம் மிஸிஸ் ஓங்."

"விசாத் தாள் யாரிடம்?"

"என்னிடம்."

"அவர் எங்கே என்று உனக்குத் தெரியுமா, அல்லது தெரியும் என்று நினைக்கிறாயா?"

"நினைக்கிறேன்."

"பொறு பொறு" என்றார். தாளில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. "பன்னிரண்டு மணிவரை உனக்குத் தருகிறேன். அதற்குள் இல்லையென்றால் பொலிசில் சொல்லிவிட்டு நீ குழுவோடு ரயில் ஏற வேண்டும். அழுவதென்றால் ரயிலில் அழு."

மிஸ் மாவிடம் பதினேழு பேரையும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக ஒப்படைத்துவிட்டு, நான் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு டாக்ஸியில் போனேன். நினைத்தது சரிதான். வாசலில் மரத்தடியில், நடைபாதை விளிம்பில் குந்தியிருந்தார், பை மடியில். காவல்காரர் இரங்கிக் கொடுத்த சுடுதண்ணீர்க் குவளை பக்கத்தில் இருந்தது.

"அண்ணை, எழும்புங்கோ. ரயில் இருக்கு."

"நீங்கள் போங்கோ தங்கச்சி. அவள் வெளியிலை வரமட்டும் இருக்கப்போறன்."

"உங்களை விட்டிட்டுப் போனால் பதினேழு பேரும் ஏர்போட்டிலை நிக்க வேண்டி வரும். வயசுபோன ஆக்கள் இருக்கினம்."

"விளங்குது." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனா ஒருக்கா விட்டிட்டு வந்தனான். இன்னொருக்கா என்னாலை ஏலாது."

குழுவிலுள்ள யாரையாவது வெளியாள் ஒருவர் சந்தித்தால் அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. முதல் நாள் மாலை தர்சினியிடம் வாங்கியிருந்தேன். கொஞ்சம் தள்ளிப் போய் அழைத்தேன். ஐந்தாவது முறைதான் எடுத்தாள். வார்டில் நிற்கிறேன் என்றாள்.

"நான் அவரை வரச் சொல்லேல்லை அக்கா."

"ஓம் பிள்ளை, தெரியும். நீங்கள் வராட்டி நான் பொலிசுக்குச் சொல்ல வேணும். உங்களைப் பயப்படுத்தச் சொல்லேல்லை. அதுதான் என்ரை வேலை, உள்ளதைச் சொல்லுறன்."

"சொல்லுங்கோ."

நான் தொலைபேசியை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. தள்ளுவண்டி ஒன்று உருண்டு போகும் சத்தம் கேட்டது.

"அவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டாள்.

அவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"பத்து நிமிசம்" என்றாள்.

இருபது நிமிடம் ஆனது. வெள்ளைக் கோட்டுடன் வேகமாக நடந்து வந்தாள். முகம் கடுமையாக இருந்தது. அவருக்கு முன்னால் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

அவர் ஏஜென்ட்டைச் சொல்லவில்லை, சண்டையைச் சொல்லவில்லை. "பயம் பிள்ளை. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம். வேறையொண்டும் இல்லை" என்றார்.

அவள் வெள்ளைக் கோட்டை ஒதுக்கிக்கொண்டு அந்த நடைபாதை விளிம்பில், அவருக்குப் பக்கத்தில், ஒரு முழம் இடைவெளி விட்டு அமர்ந்தாள்.

"கடைசிச் சண்டைக்குள்ளை நானும் பெரியம்மாவும் முள்ளிவாய்க்காலிலை நிண்டனாங்கள். ஒருநாள் பங்கருக்குள்ளை ஒரு மனிசி வர இடம் கேட்டவா. இடமில்லையெண்டு நான்தான் சொன்னனான். இடம் இருந்தது." இதை யாரிடமும் சொன்னதில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. "பயம் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும்."

அவர் சுடுதண்ணீர்க் குவளையை அவள் பக்கம் தள்ளி வைத்தார். நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பதினொன்றே முக்கால்.

"எழும்புங்கோ. ட்ரெயின் போயிடும்" என்றாள் அவள்.

ரயில் நிலையம் வரை டாக்ஸியில் கூடவே வந்தாள். சீட்டு உள்ளவர்களைத்தான் உள்ளே விடுவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அவர் பையைத் திறந்தார். உள்ளே ஒரு குளிர்கோட். கருநீலம். அளவு தெரியாமல், கடைப் பெண்ணிடம் உத்தேசமாகச் சொல்லி வாங்கியிருந்தார். அவள் அந்த இடத்திலேயே ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தாள். கை விரல் நுனிவரை வந்தது.

"கை நீளம்."

"மாத்தலாம். பில் இருக்கு."

"மடிச்சுப் போடுறன்" என்று மடித்துக்கொண்டாள். "போய்ச் சேந்த உடனை மெசேஜ் போடுங்கோ."

தடுப்புக்கு அப்பால் மிஸ் மா பதினேழு பேருடன் நின்றாள். நான் எண்ணினேன். பதினெட்டு. ரயில் ஓடத் தொடங்கியபின் கழிவறைக்குள் போய், மிஸிஸ் ஓங் சொன்னபடி அழுதேன்.

லண்டனில் மிஸிஸ் ஓங் அறிக்கை எழுதித் தரச் சொன்னார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். விதியை மீறி ஒருவரைக் குழுவிலிருந்து பிரித்ததை ஒளிக்காமல் எழுதினேன். பென்சிலைப் பிடித்தபடி இரண்டு முறை வாசித்தார். 'பயணி காணாமல் போனார்' என்று நான் எழுதியிருந்ததில் இரண்டு சொல்லை வெட்டி, 'பயணி தாமதமானார்' என்று திருத்தினார். கோப்பில் போட்டார். அடுத்த பருவத்துக்கான பதிவுப் படிவத்தில் ஒரு புதிய கேள்வி இருந்தது: 'போகுமிடத்தில் யாரையேனும் சந்திக்கவிருக்கிறீர்களா?' இதைப் பற்றி அவர் என்னிடம் வேறெதுவும் பேசியதில்லை.

குணம் அண்ணை அதற்குப் பிறகு இரண்டு தடவை என் குழுவில் சியானுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் படிவத்தின் அந்தக் கேள்விக்கு 'ஓம்' என்று எழுதுவார். படையைப் பார்க்க மற்றவர்கள் பஸ் ஏறும்போது அவர் தெற்கு வாசலுக்குக் கிளம்புவார். மாலையில் இருவரும் எங்களோடு நீரூற்றுக்கு வருவார்கள். இசைக்கு ஏற்பத் தண்ணீர் எழும்பும். முன்னால் நிற்கிறவர்கள் நனைந்து கத்துவார்கள். அவள் தன் குடையை அவர் பக்கம் சரித்துப் பிடித்திருப்பாள். எங்கள் அக்காமார், "ஆர் அந்தப் பிள்ளை? நல்ல வடிவா நகரத்தை விளங்கப்படுத்துது" என்பார்கள். "உள்ளூர் ஆள்" என்பேன்.

பிறகு தொற்று வந்தது. குழுக்கள் நின்றன. மிஸிஸ் ஓங் அலுவலகத்தை மூடிவிட்டு ஈப்போவுக்குப் போனார். ஒவ்வொரு கோப்பையும் தானே கட்டினார். என்னை உதவிக்கு வரவிடவில்லை. நானும் ஓய்வு பெற்றேன். விசாத் தாள் வைத்திருந்த துணிப்பையை இப்போது பஸ் பாஸ் வைக்கப் பாவிக்கிறேன். தர்சினி படிப்பு முடித்து நாட்டுக்குத் திரும்பி, வவுனியாவில் டாக்டராக வேலை செய்கிறாள்.

போன வருடம் ஒருநாள் குணம் அண்ணை என் வீட்டுக் கதவைத் தட்டினார். மகளை இரண்டு கிழமைக்கு லண்டனுக்குக் கூப்பிட வேண்டும், அழைப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார். சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன்.

"உறவு என்னெண்டு போட அண்ணை?"

"லோயர், உறவுக்காரி எண்டு மட்டும் போடச் சொன்னவர். மகளெண்டால் பழைய பைலைத் தோண்டுவாங்களாம். பாஸ்போட்டுக்கே பிரச்சினை வருமாம்."

"அப்ப உறவுக்காரி எண்டு போடட்டோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"மகள் எண்டு போடுங்கோ தங்கச்சி."

"யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. இது விளையாட்டில்லை."

"யோசிச்சுத்தான் சொல்லுறன்."

போட்டேன். கையெழுத்து வைக்கும்போது பெயரை முழுதாக எழுதினார். அன்றிலிருந்து தபால்காரன் கதவடிக்கு வரும் ஒவ்வொரு காலையும் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏழு கிழமை கழித்து விசா வந்தது. பழையதை இதுவரை யாரும் கேட்கவில்லை. இனிக் கேட்கலாம். கேட்டால் சொல்வேன் என்கிறார்.

ஆனி மாதம் அவள் வந்தாள். வந்த நாலாம் நாள் இருவருமாக என் வீட்டுக்கு வந்தார்கள். அவர் கடைக்குப் பால் வாங்கப் போன நேரம், விமான நிலையத்தில் கரைச்சல் ஏதும் கொடுத்தார்களோ என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. ஆரோடை தங்கப்போறாய் எண்டு மட்டும் கேட்டவை."

"என்ன சொன்னனீங்கள்?"

தேத்தண்ணீரை ஊதிக் குடித்துக்கொண்டே, அதில் என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அப்பாவோடை எண்டு சொன்னன்."